எட்டுப் பட்டங்கள், ஒரு வங்கி: எஃப்பிகே கவுனஸ் எப்படி இல்லாமல் போனது

லிதுவேனியாவின் கவுனஸ் நகரத்தில் எஃப்பிகே கவுனஸ் என்று ஒரு கால்பந்து கிளப் இருந்தது. 1999க்கும் 2007க்கும் இடையில் எட்டு முறை நாட்டின் சாம்பியன். 2008ல் ஸ்காட்லாந்தின் பெரிய கிளப்பான ரேஞ்சர்ஸை, ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகிலிருந்து வெளியே அனுப்பிய அணி. 2012 சீசன் தொடங்கியபோது அந்தப் பெயரில் மேல் லீகில் ஒரு அணியே கிடையாது. மைதானம் இருந்தது, நகரம் இருந்தது, பந்து விளையாடத் தெரிந்த பையன்களும் இருந்தார்கள். கிளப் மட்டும் இல்லை.

இதை 'முதலாளி ஓடிப்போனார், கிளப் மூழ்கியது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. அதே முதலாளியின் கையில் இருந்த இன்னொரு கிளப், ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ், அதே வங்கி விழுந்தபோது மரண அடி வாங்கியும் பிழைத்துக்கொண்டது. இன்னும் சொல்லப்போனால், கவுனஸ் கிளப் காணாமல் போனது வங்கி விழுவதற்கு முன்பே. அப்படியானால் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

முதலில் ஊரைப் பற்றி. கவுனஸ் லிதுவேனியாவின் இரண்டாவது பெரிய நகரம். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வில்னியுஸ் போலந்தின் கையில் இருந்ததால் நாட்டின் தற்காலிகத் தலைநகரமே இதுதான். 1922ல் நடந்த முதல் லிதுவேனியக் கால்பந்து சாம்பியன்ஷிப்பை வென்றதும் கவுனஸ் அணிதான். அங்குள்ள மைதானத்துக்கு ஸ்டெபோனஸ் டாரியுஸ், ஸ்டாசிஸ் கிரேனஸ் என்ற இரண்டு விமானிகளின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1933ல் நியூயார்க்கிலிருந்து 'லிதுவானிகா' என்ற சின்ன விமானத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து, ஊர் வந்து சேர்வதற்குள் விழுந்து இறந்தவர்கள். டாரியுஸ் விமானி மட்டுமல்ல, விளையாட்டு வீரரும்கூட. கவுனஸில் விளையாட்டு வளர ஓடியாடி உழைத்தவர்.

ஆனால் அந்த ஊரின் உயிர் கூடைப்பந்து. 1937, 1939 இரண்டு முறையும் லிதுவேனியா ஐரோப்பிய கூடைப்பந்து சாம்பியன், அதில் 1939 போட்டி நடந்ததே கவுனஸில். சோவியத் காலத்தில் சபோனிஸ் என்ற நட்சத்திர வீரர் ஆடிய கவுனஸின் ஜால்கிரிஸ் கூடைப்பந்து அணி மாஸ்கோ ராணுவ அணியை வீழ்த்தி 1985, 1986, 1987 என்று தொடர்ந்து மூன்று முறை சோவியத் பட்டம் வென்றது. அங்கே அது வெறும் விளையாட்டு வெற்றியாக இருக்கவில்லை, மாஸ்கோவுக்கே ஒரு பதில் சொன்ன மாதிரி மக்கள் கொண்டாடினார்கள். 1999ல் அதே ஜால்கிரிஸ் ஐரோப்பாவின் பெரிய கோப்பையையும் கொண்டுவந்தது. அப்பா மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது கூடைப்பந்து ஆட்டத்துக்கு. கால்பந்து அங்கே எப்போதும் இரண்டாம் இடம்தான். இந்த ஒரு விஷயத்தை மறந்துவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது.

எஃப்பிகே கவுனஸின் வேர் 1960ல் 'பாங்கா' என்ற பெயரில் தொடங்கிய கிளப். விடுதலைக்குப் பிறகு கொஞ்ச காலம், கூடைப்பந்து அணியைப் போலவே, ஜால்கிரிஸ் கவுனஸ் என்ற பெயரில் ஆடியது. 1999ல் லிதுவேனிய லீக் காலண்டர் வருடத்துக்கு மாறியபோது இடையில் ஒரு குட்டி சீசன் நடந்தது, அதில்தான் முதல் பட்டம். அதற்கடுத்து எஃப்பிகே கவுனஸ் என்று பெயர் மாறி 2000, 2001, 2002, 2003, 2004 என்று வரிசையாக அடித்துத் தள்ளினார்கள். 2005ல் பனெவேஜிஸ் நகரத்தின் எக்ரானஸ் குறுக்கே வந்தது. 2006லும் 2007லும் மறுபடி கவுனஸ். நடுவில் கோப்பைப் போட்டிகளும் தனியாக உண்டு.

இதே ஊரில் இதற்கு முன்னால் இன்காரஸ் என்று ஒரு அணி இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் காலணி தொழிற்சாலையின் அணி. தொண்ணூறுகளின் நடுவில் அடுத்தடுத்து இரண்டு பட்டம் வென்றது, பத்து வருடத்துக்குள் மறைந்துவிட்டது. எக்ரானஸும் பிக்சர் டியூப் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய கிளப்தான், 2008 முதல் 2012 வரை தொடர்ந்து ஐந்து பட்டம் வென்றுவிட்டு 2015ல் கதவைச் சாத்தியது. டிக்கெட் விற்றுப் பிழைக்க முடியாத லீகில் யாராவது ஒரு பெரிய கை தாங்க வேண்டும். சோவியத் காலத்தில் அது தொழிற்சாலை. அப்புறம் வங்கி.

கவுனஸைத் தாங்கிய கை விளாதிமிர் ரோமனோவ். ரஷ்யாவில் 1947ல் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு கவுனஸுக்கு வந்தவர். சோவியத் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்தார், டாக்சி ஓட்டினார், திருட்டுத்தனமாக மேற்கத்திய இசைத்தட்டுகள் விற்றார். சோவியத் ஒன்றியம் ஆட்டம் கண்ட காலத்தில் தொடங்கப்பட்ட 'ஊக்கியோ பாங்காஸ்' என்ற தனியார் வங்கியைக் கைக்குள் கொண்டுவந்து, அதை வைத்து உலோகம், ஜவுளி, சொத்து என்று பரப்பினார். கால்பந்தும் அந்தப் பரப்பில் ஒன்று. வங்கியின் பணம் இருக்கும் அணிக்கும் மற்ற அணிகளுக்கும் சம்பளத்தில் இருந்த இடைவெளிதான் அந்த எட்டுப் பட்டத்துக்குப் பெரிய காரணம். வீரர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நல்ல வீரன் எங்கே போவான் என்பதைச் சம்பளம் தீர்மானித்தது.

உள்ளூரில் ராஜா, ஐரோப்பாவில் குட்டி அணி, இதுதான் அப்போதைய நிலைமை. 2003ல் ஸ்காட்லாந்தின் செல்டிக் வந்து கவுனஸிலேயே நான்கு கோல் போட்டுவிட்டுப் போனது. 2005 ஜூலையில் லிவர்பூல் வந்தது, அதாவது இரண்டு மாதம் முன்பு இஸ்தான்புல்லில் கோப்பையைத் தூக்கிய அதே லிவர்பூல். முதலில் கோல் போட்டது கவுனஸ்தான், பரெவிச்சியுஸ் போட்டார். கடைசியில் 3-1 என்று லிவர்பூல் ஜெயித்தது, ஆன்ஃபீல்டில் 2-0. ஆனாலும் ஐரோப்பிய சாம்பியனுக்கு எதிராகச் சில நிமிடம் முன்னிலையில் இருந்தோம் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லிக்கொள்ளலாம்.

<b>ஹார்ட்ஸ் உள்ளே வந்ததும் மாறியது என்ன</b>

2005ல் ரோமனோவ் எடின்பரோவின் ஹார்ட்ஸ் கிளப்பைக் கைப்பற்றினார். கடனில் தத்தளித்து, தன் சொந்த மைதானமான டைன்காசிலையே விற்கும் நிலைக்கு வந்திருந்த கிளப் அது. முதல் சீசனிலேயே அதிரடி. ஜார்ஜ் பர்லி பயிற்சியில் அணி தோல்வியே இல்லாமல் முதலிடத்தில் இருந்தபோது, 2005 அக்டோபரில் பர்லி வெளியேற வேண்டி வந்தது. அத்தனை குழப்பத்திலும் அந்த சீசனை ஹார்ட்ஸ் இரண்டாம் இடத்தில் முடித்தது, 2006 மே மாதம் ஸ்காட்டிஷ் கோப்பையும் கிடைத்தது. அப்போது பயிற்சியாளராக இருந்தவர் லிதுவேனியர், வால்டாஸ் இவானௌஸ்காஸ்.

கவுனஸுக்கு இதில் என்ன வேலை? இங்கேதான் உற்றுப் பார்க்க வேண்டும். ஹார்ட்ஸுக்கு வந்த வீரர்களில் ஒரு கூட்டம் காகிதத்தில் எஃப்பிகே கவுனஸின் ஆட்கள், அங்கிருந்து லோனில், அதாவது தற்காலிக இரவலாக, வந்தவர்கள். லிதுவேனியர்கள் மட்டும் என்றால் பரவாயில்லை. ரோமன் பெட்னார்ஷ் செக் நாட்டுக்காரர், ம்லாடா போலஸ்லாவ் அணியில் ஆடியவர். அவரைக் கவுனஸ் வாங்கியது, வாங்கிய கையோடு எடின்பரோவுக்கு லோனில் அனுப்பியது. கவுனஸ் ரசிகருக்கு அவர் வெறும் பெயர். ஒப்பந்தம் ஒரு நாட்டில், ஆட்டம் இன்னொரு நாட்டில், இரண்டுக்கும் மேலே ஒரே முதலாளி. வாங்கும் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது, விற்றால் வரும் பணத்தை எங்கே வைப்பது என்பதெல்லாம் இரண்டு கிளப்பும் பேசித் தீர்க்கும் விஷயமாக இல்லை, மேலே ஒரே மேசையில் முடிவாகும் விஷயம்.

விதிப்படி லோனில் தவறு எதுவும் இல்லை. ஆனால் கிளப் என்ற முறையில் கவுனஸுக்கு நேர்ந்த சேதம் பெரிது. 2005 வரை அது சாம்பியன் ஆகவேண்டும் என்பதற்காக நடந்த கிளப். அதற்குப் பிறகு அது ஒரு கிடங்கு. நல்ல சரக்கு வந்தால் எடின்பரோவுக்குப் போகும், அங்கே ஒத்துவராதது திரும்பி வரும். ஆண்ட்ரியுஸ் வெலிச்கா, மாரியுஸ் ஜாலியூகாஸ் எல்லாரும் இந்தப் பாதையில் போனவர்கள். ஜாலியூகாஸ் கவுனஸிலேயே பிறந்து, கவுனஸ் அணியில் ஆடி, ஹார்ட்ஸின் கேப்டனாக உயர்ந்தவர். 2012 மே மாதம் ஊர்ப் போட்டியாளரான ஹிபர்னியனை இறுதியாட்டத்தில் 5-1 என்று நொறுக்கி ஸ்காட்டிஷ் கோப்பையைத் தூக்கியது அவர் கைதான். 2020ல் 36 வயதில் இறந்துபோனார். எடின்பரோவில் அந்த ரசிகர்கள் அவருக்காக அழுதார்கள். அவர் பிறந்த ஊரில் அவரை வளர்த்த கிளப்பின் பெயரில் அஞ்சலி சொல்ல அந்தக் கிளப்பே இருக்கவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

<b>2008 ஆகஸ்ட் 5</b>

கிடங்காக இருந்தாலும் அந்தக் கோடையில் இந்த அணி ஒரு காரியம் செய்தது. சாம்பியன்ஸ் லீக் இரண்டாம் தகுதிச் சுற்றில் எதிராளி ரேஞ்சர்ஸ். மூன்று மாதம் முன்பு மான்செஸ்டரில், ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூஇஎஃப்ஏ கோப்பையின் இறுதியாட்டம் வரை போன அணி. கவுனஸுக்குப் பயிற்சியாளர் போர்ச்சுகல்காரர் ஜோசே கூசெய்ரோ. முதல் ஆட்டம் கிளாஸ்கோவில் ஐப்ராக்ஸ் மைதானத்தில், 0-0. கோல் விழவில்லை என்றதும் ரேஞ்சர்ஸ் பக்கம் பெரிதாக யாரும் பயப்படவில்லை, அங்கே போய் ஒரு கோல் போட்டால் போதும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கு முதல் பாதியில் சரியாகவே வந்தது. கெவின் தாம்சன் கோல் போட்டார், ரேஞ்சர்ஸ் முன்னிலை. இனி கவுனஸ் இரண்டு கோல் போட வேண்டும், ஒன்று போட்டு சமன் ஆனால், எதிராளி ஊரில் அதிக கோல் போட்ட அணிக்கே வெற்றி என்ற வெளியூர் கோல் விதிப்படி ரேஞ்சர்ஸ்தான் உள்ளே. இடைவேளைக்குச் சற்று முன்னால் வெகு தூரத்தில் ஒரு ஃப்ரீகிக். நெரியுஸ் ராஜியுஸ், தடுப்பாட்டக்காரர், நேராக வலைக்குள் அடித்தார். 1-1. இரண்டாம் பாதி முழுக்க ரேஞ்சர்ஸ் அந்த ஒரு வெளியூர் கோலை வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டப் பார்த்தது. 87வது நிமிடம், உயரே வந்த பந்துக்கு லினாஸ் பிலிபைடிஸ் தலையைக் கொடுத்தார். 2-1. மிச்சம் இருந்த சில நிமிடத்தில் ரேஞ்சர்ஸால் எதுவும் செய்ய முடியவில்லை.

கிளாஸ்கோவில் இதன் விலை உடனே தெரிந்தது. சாம்பியன்ஸ் லீக் பணம் போனதும், அடுத்த சில நாட்களில் முந்தின சீசனின் தூணாக இருந்த தடுப்பாட்டக்காரர் கார்லோஸ் குவேயரை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றார்கள். கவுனஸுக்கோ, போட்டியின் முக்கியக் கட்டமான குழுச் சுற்றுக்கு நடுவில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு எதிராளி, டென்மார்க்கின் ஆல்போர்க். ஜெயித்திருந்தால் குழுச் சுற்றுக்குப் போன முதல் லிதுவேனிய கிளப். ஆல்போர்க் ஜெயித்தது, மான்செஸ்டர் யுனைடெட், செல்டிக், வில்யாரியல் இருந்த குழுவில் போய் ஆடியது. கவுனஸ் யூஇஎஃப்ஏ கோப்பைக்கு இறங்கி சாம்ப்டோரியாவிடம் தோற்றது.

ஆல்போர்க்கோடு ஆடிய அந்த இரண்டு ஆட்டத்தின் முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் கிளப் பிழைத்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. என் கணக்கில் பிழைத்திருக்காது. வந்த பணம் கிளப்பில் தங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லாத அமைப்பு அது.

<b>விலகல்</b>

அந்த வருடம் லீகில் எக்ரானஸ் சாம்பியன், கவுனஸ் இரண்டாம் இடம். நடுவர்கள் மீதும் கால்பந்து சங்கத்தின் மீதும் ரோமனோவுக்கு நீண்ட நாள் கோபம். ஸ்காட்லாந்திலும் அவர் இதே பாட்டுதான் பாடிக்கொண்டிருந்தார். 2009 சீசன் தொடங்கும் முன்பே எஃப்பிகே கவுனஸும் கிளைபெடா நகரத்தின் அட்லாண்டாஸும் மேல் லீகிலிருந்து விலகின. சங்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. ரேஞ்சர்ஸை வீழ்த்தி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அணி மூன்றாம் அடுக்கில்.

இந்த முடிவை எடுக்கும்போது யாரைக் கேட்டார்கள்? எதிர்த்து நிற்கும் வலிமையோடு கேட்க வேண்டிய ஒரு கூட்டமே அங்கே இருக்கவில்லை. ஹார்ட்ஸில் 2006ல் கேப்டன் ஸ்டீவன் பிரெஸ்லி, இரண்டு பக்கமும் பால் ஹார்ட்லியையும் கிரெய்க் கார்டனையும் நிறுத்திக்கொண்டு, உடைமாற்று அறையில் அமைதி இல்லை என்று பத்திரிகைக்காரர்கள் முன்னால் சொன்னார். ரோமனோவ் வழிக்கு வரவில்லை, பிரெஸ்லிதான் கிளப்பை விட்டுப் போனார். ஆனாலும் அன்று முதல் அங்கே ஒரு எதிர்ப்பு உருவாகி, வருடக்கணக்கில் வளர்ந்தது. கவுனஸில் அப்படி ஒரு பிடிமானம் வளரவே இல்லை.

அதே 2009ல் ரோமனோவ் ஜால்கிரிஸ் கூடைப்பந்து அணியின் உரிமையாளர் ஆனார். 2011ல் அந்த அணி பதினைந்தாயிரம் பேர் உட்காரும் புது அரங்குக்குக் குடிபோனது. பணமும் கவனமும் ஊரின் ஆசையும் ஒரே திசையில் திரும்பின. கால்பந்து அணி மேல் லீகுக்குத் திரும்பி வந்ததுதான், ஆனால் பழைய அணியின் நிழல். 2011 தான் அதன் கடைசி மேல் லீக் சீசன்.

<b>வங்கி விழுந்தபோது</b>

2013 பிப்ரவரி 12 அன்று லிதுவேனிய மத்திய வங்கி ஊக்கியோ பாங்காஸின் நடவடிக்கைகளை நிறுத்தியது. முதலாளியின் சொந்த நிறுவனங்களோடு வங்கிக்கு இருந்த பின்னல்தான் பெரிய புகார். நல்ல சொத்துகள் ஷியௌலியு பாங்காஸ் என்ற வேறு வங்கிக்குப் போயின, மிச்சம் திவாலானது. ரோமனோவ் ரஷ்யாவுக்குப் போய்விட்டார்.

2013 ஜூனில் ஹார்ட்ஸ் திவால் நிர்வாகிகளின் கைக்கு வந்தது. 15 புள்ளிகள் வெட்டு, 2014ல் கீழ் லீகுக்கு இறக்கம். ஆனால் அதற்கு முன்பே, சம்பளம் தள்ளிப்போன நாட்களிலேயே, ரசிகர்கள் களத்தில் இறங்கியிருந்தார்கள். 2012 கடைசியில் வரிப் பாக்கிக்காகக் கிளப் கையேந்தியபோது பங்கு வாங்கிக் காசு கொடுத்தார்கள். அப்புறம் 'ஃபவுண்டேஷன் ஆஃப் ஹார்ட்ஸ்' என்ற அமைப்பில் சுமார் 8,000 பேர் மாதாமாதம் பணம் கட்டினார்கள். ஆன் பட்ஜ் என்ற எடின்பரோ தொழிலதிபர் 2014ல் கிளப்பை வாங்கி, அந்தப் பணம் சேரச் சேர 2021ல் ரசிகர்கள் கையிலேயே ஒப்படைத்தார்.

இன்னொரு உதாரணமும் இருக்கிறது, இதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. லிதுவேனியாவின் ஸ்னோராஸ் வங்கி 2011 நவம்பரில் விழுந்தது. அதன் முதலாளி விளாதிமிர் அன்டோனோவ் கையில் இருந்தது இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத். அடுத்த சில மாதத்திலேயே அந்தக் கிளப்பும் திவால் நிர்வாகத்துக்குப் போனது, 2013ல் அதையும் ரசிகர்கள்தான் வாங்கினார்கள்.

பிரிட்டிஷ் ரசிகர்கள் உயர்ந்தவர்கள், லிதுவேனியர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று யாராவது முடிவு கட்டினால் அவர்களை வில்னியுஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். தலைநகரத்தின் ஜால்கிரிஸ் வில்னியுஸ் கால்பந்து கிளப் ஏறக்குறைய எஃப்பிகே கவுனஸ் சரிந்த அதே நேரத்தில், வேறொரு முதலாளியின் கீழ், பணமில்லாமல் சரிந்தது. 2009ல் ரசிகர்களே முன்னின்று புதுக் கிளப் தொடங்கினார்கள், இரண்டாம் அடுக்கில் ஆடினார்கள், அடுத்த வருடம் மேலே வந்தார்கள். 2013லிருந்து வரிசையாக நான்கு பட்டம். 2022ல் ஸ்வீடனின் மால்மோவை வீழ்த்தி, கடைசியில் ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீகின் குழுச் சுற்றில் ஆடி, ஐரோப்பிய குழுச் சுற்றுக்குப் போன முதல் லிதுவேனிய கிளப் ஆனது. கவுனஸ் 2008ல் தவறவிட்ட அந்தப் பெருமை அவர்களுக்குத்தான் போனது.

கவுனஸிலும் அந்தப் பிடிப்பு இருந்தது, ஆனால் கூடைப்பந்தின் மீது. ரோமனோவ் போன பிறகு ஜால்கிரிஸ் கூடைப்பந்து அணியை ஊர் விட்டுவிடவில்லை. பௌலியுஸ் மோட்டியேஜூனஸ் தலைமையில் நிர்வாகம் மாறி, அரங்கை நிரப்பி, அணி முன்னைவிட உறுதியாக நின்றது. ஒரே முதலாளி, ஒரே வங்கி, மூன்று அணிகள். மக்கள் 'என்னுடையது' என்று நினைத்த இரண்டும் பிழைத்தன. மூன்றாவது அணியை யாரும் அப்படி நினைக்க நேரமே கொடுக்கப்படவில்லை என்றுதான் நான் சொல்வேன். இரண்டாம் இடத்தில் இருக்கும் விளையாட்டுக்கு ரசிகர்களைச் சேர்க்க எட்டுப் பட்டம் போதுமான தொடக்கம். அந்த வருடங்களில் பாதியை வீரர்களை வெளியே அனுப்புவதில் செலவழித்தார்கள். பையன் ஒருவனின் பெயரை ரசிகர் மனப்பாடம் செய்வதற்குள் அவன் எடின்பரோவில் இருந்தான்.

ரோமனோவை வில்லனாக மட்டும் நிறுத்தவும் எனக்கு மனமில்லை. அவர் பணம் இல்லாமல் அந்தப் பட்டங்களும் இல்லை, ரேஞ்சர்ஸ் இரவும் இல்லை. லீக் நிர்வாகம்தான் அதிகம் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. உரிமம் கொடுக்கும்போதே கேட்டிருக்கலாம்: இந்த வீரர்கள் உண்மையில் யாருக்கு ஆடுகிறார்கள், முதலாளி நாளைக்கே கையை விரித்தால் கிளப்பிடம் மிஞ்சுவது என்ன?

இந்தக் கேள்விகளுக்கு அப்போதே பதில் தேடியிருந்தால் அதே நகரம் மறுபடி அடிபட்டிருக்காது. 2013ல் கவுனஸில் ஸ்டும்ப்ராஸ் என்று புதுக் கிளப் வந்தது. இளைஞர்களை வைத்து நன்றாகவே ஆடினார்கள், போர்ச்சுகலிலிருந்து பயிற்சியாளரும் வெளிநாட்டு முதலீடும் வந்தன, 2017ல் லிதுவேனியக் கோப்பையே கிடைத்தது. 2019 சீசன் நடுவில் பணப் பிரச்சினையில் உரிமம் போய், அந்தக் கிளப்பும் மூடப்பட்டது.